செங்காய்ப் பெட்டியில் வந்த பாடங்கள்

காலையில் எழுந்ததும் நம் வயதுக்காரர்கள் குழுவில் ஒரு பட்டியல் வந்து விழுகிறது. வீட்டிலேயே பிள்ளைகளுக்குக் கற்றுத்தர உதவும் நூறு இணையதளங்கள். அனுப்பியவர் யாரென்று பார்த்தால், அவருக்கும் யாரோ அனுப்பியது. இந்த நூறையும் திறந்து பார்த்தவர் நம்மில் உண்டா என்று ஒருமுறை கேட்டேன். இரண்டு பேர் கைகூப்பும் படம் போட்டார்கள்.

நான் திறந்து பார்த்தேன். மாலையில் வேலை முடிந்து வந்த பிறகு, ஒவ்வொன்றாக. சில திறக்கவே இல்லை. சில, முதல் பக்கத்திலேயே கடன் அட்டை எண்ணைக் கேட்டன. சில மிக அழகாக இருந்தன. ஆனால் அவற்றில் எந்தப் பாடத்தைத் தொட்டாலும் பனி பெய்தது. பனி பெய்யும் பாடத்தோடு எனக்கு ஒரு பழைய பகை உண்டு. அதைச் சொல்லாமல் இந்தப் பட்டியலைப் பற்றி என்னால் பேச முடியாது.

இப்போது என்னிடம் இப்படி ஒரு பட்டியலைக் கேட்டிருப்பவள் என் தாய்மாமாவின் மகள். கடத்தூரில் இருக்கிறாள். மகனைப் பள்ளியிலிருந்து நிறுத்தி வீட்டில் வைத்துப் படிக்கவைக்கப் போகிறாள். காரணம் அவளுடையது, இங்கே எழுதமாட்டேன். எது நல்ல தளம், எதை நம்பலாம் என்று கேட்டாள். என்னிடம் ஏன் கேட்கிறாள் என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எங்கள் சொந்தத்தில் முதன்முதலாகப் பள்ளியை விட்டு நிறுத்தப்பட்டு, இணையத்திலிருந்து எடுத்த தாள்களை வைத்துப் படித்த பிள்ளை நான்.

இப்போது கேட்டால் வேடிக்கையாக இருக்கும். அப்போது பாலக்கோட்டில் பிரவுசிங் சென்டர் என்ற பெயர்ப் பலகையே புதிது.

எங்கள் ஊர் பாலக்கோட்டிலிருந்து பேருந்தில் வரும் தூரம். அப்பா சர்க்கரை ஆலையில் அரவைக் காலத்து வேலைக்காரர். அரவை நடக்கும் மாதங்களில் அவருடைய சட்டையிலிருந்து வெல்லப்பாகு காந்திய வாசனை வரும், துவைத்தாலும் போகாது. நான் சொல்லப்போவது அப்படி ஓர் அரவைக் காலத்தை. எனக்கு அப்போது பன்னிரண்டு முடிந்து பதின்மூன்று நடந்துகொண்டிருந்தது.

பள்ளியின் பெயரைச் சொல்லமாட்டேன். அங்கே தினமும் சில பெண்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். வகுப்பறையையும் கழிப்பறையையும் அவர்கள்தான் சுத்தம் செய்ய வேண்டும். தினமும் அதே பெயர்கள். எந்தத் தெருப் பிள்ளைகளின் பெயர்கள் என்பதை யாரும் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய தேவையும் ஊரில் இருந்ததில்லை. முதல் மணி அடித்து, கணக்குப் பாடம் பாதி போன பிறகு, ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு நாங்கள் உள்ளே வருவோம். எனக்குப் பின்னம் வராமல் போனதற்கு அதுதான் காரணம். மந்தம் என்று என் மதிப்பெண் அட்டையில் எழுதியிருந்தது.

ஒருநாள் நான் மறந்துவிட்டுப் போன சோற்றுப் போசியைக் கொடுக்க அம்மா பள்ளிக்கு வந்தாள். நான் கழிப்பறை வாசலில் துடைப்பத்தோடு நின்றேன். அம்மா சத்தம் போடவில்லை. துடைப்பத்தை என் கையிலிருந்து வாங்கினாள். தலைமை ஆசிரியர் அறைக் கதவில் அதைச் சாய்த்து வைத்தாள்.

"கூட்டறதுதான் படிப்புன்னா எங்க வூட்லயே வாசல் இருக்குதுங்க," என்றாள்.

அவர் கோபப்படவில்லை. சிரித்தார். "சுத்தம் சோறு போடும்மா. படிச்சவ மாதிரி தெரியுது, இதுகூடத் தெரியாதா?"

"போடட்டுங்க. அந்தச் சோத்த எல்லாத் தெருப் புள்ளைங்களும் சேந்து சாப்படட்டும்."

அன்றோடு சரி. புத்தகப் பையை எடுத்துக்கொண்டு அம்மாவோடு வெளியே வந்தேன். போசியில் இருந்த சோற்றைப் பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்து இருவரும் சாப்பிட்டோம். புளிச்சோறு. அதில் வேர்க்கடலை நிறைய இருந்தது என்பது வரைக்கும் நினைவிருக்கிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தார். அம்மாவின் அண்ணன், தருமபுரியில் ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தர். எங்கள் சொந்தத்தில் முதல் சம்பளக்காரர். பேண்ட்டில் மடிப்பு கலையாமல் உட்காருவதற்கென்றே அவருக்கு ஒரு முறை இருந்தது. அன்று அதையெல்லாம் பார்க்கவில்லை.

"நம்ம சனம் அந்தக் கேட்டுக்குள்ள போறதுக்கே ரெண்டு தலமொற ஆச்சு," என்றார். "நீ புள்ளயக் கையப் புடிச்சு வெளிய இழுத்தாந்துட்ட. அவனுங்களுக்கு இதான வேணும்?"

"உள்ள போயி உக்காரத்தான பாடுபட்டாங்கண்ணா. கூட்டறதுக்கு இல்லயே."

"பல்லக் கடிச்சிக்கிட்டுப் படிக்கணும். நான் படிக்கல?"

"நீ கூட்டல. நீ ஆம்பள."

மாமா டீ குடிக்காமல் போய்விட்டார். இன்று யோசித்தால், அவர் சொன்னதில் ஒரு சொல்கூடத் தவறில்லை. அம்மா சொன்னதிலும் இல்லை. சரியாகப் பேசும் இரண்டு பேருக்கு நடுவில் நிற்பது பிள்ளைக்கு எவ்வளவு கடினம் என்பது மட்டும் இருவருக்கும் தெரியவில்லை.

அம்மா பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவள். தட்டச்சு, தமிழும் ஆங்கிலமும், இரண்டிலும் மேல்நிலை முடித்தவள். அதற்கு முன்னால், என் வயதில், பாலக்கோட்டுத் தக்காளி மண்டியில் பழம் பிரித்தவள். என்னைப் பொறுத்தவரை, தட்டச்சைவிட அந்த மண்டி வேலைதான் எங்களுக்கு அதிகம் உதவியது.

பிரவுசிங் சென்டர் ஒரு மோட்டார் ரீவைண்டிங் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. படிக்கட்டு முழுக்க வார்னிஷ் வாசனை. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ப்ளைவுட் தடுப்புகள், ஒவ்வொன்றுக்கும் பூப்போட்ட திரைச்சீலை. அந்தத் திரைச்சீலைகளைப் பற்றி ஊரில் ஆயிரம் பேச்சு. பெண் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஒரு தாய் அங்கே போகிறாள் என்றால் என்ன பேசியிருப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும். அம்மா செய்த முதல் வேலை, நாங்கள் உட்காரும் தடுப்பின் திரைச்சீலையைக் கழற்றி மடித்துக் கல்லாவில் வைத்ததுதான். "இத நீ வெச்சிக்கோ தம்பி. எங்களுக்கு வெளிச்சம் வேணும்."

சென்டர்க்கார அண்ணனுக்குத் தமிழில் தட்டச்சு செய்ய ஆள் தேவைப்பட்டது. வரன் தேடும் ஜாதகக் குறிப்புகள், மனுக்கள், காதுகுத்து அழைப்பிதழ்கள். அம்மா அவற்றை அடித்துக் கொடுப்பாள். பதிலுக்கு எங்களுக்கு இணையம், அச்சுத்தாள். தாள் என்றால் புதுத்தாள் இல்லை. தப்பாக அச்சான தாள்களின் மறுபக்கம். அதனால் என் பாடங்கள் எல்லாவற்றுக்கும் முதுகில் ஒரு மாப்பிள்ளை இருந்தார். தவளையின் இரைப்பைப் படத்தைத் திருப்பினால் 'சிவந்த நிறம், சொந்த வீடு, போர்வெல் உண்டு' என்றிருக்கும்.

இணைப்பு கிடைக்கும்போது மோடம் கத்தும் கத்தலை நீங்களும் கேட்டிருப்பீர்கள். பல நாள் அது கத்திமுடிப்பதற்குள் மின்சாரம் போய்விடும். கிடைத்த நாளில் அம்மா ஆங்கிலத்தில் தேடுவாள். தமிழில் தேட வழியில்லை. தமிழ்ப் பக்கங்கள் இருந்தன. திறந்தால் தமிழ் இருக்காது. அதற்குரிய எழுத்துரு அந்தக் கணினியில் இல்லை. திரை முழுக்கப் பின்னங்களும் கொம்பு முளைத்த ஆங்கில எழுத்துகளும் நிற்கும். எழுத்துருவை இறக்கித் தரச் சொன்னால், அதோடு வைரஸ் வந்துவிடும் என்று சென்டர்க்கார அண்ணன் ஒரேயடியாக மறுத்துவிட்டார்.

அம்மா அதையும் அச்செடுத்தாள். ஒரு பக்கத்தில் காய்கனிப் படங்கள், கீழே இரண்டிரண்டு சொல்லாக இந்தக் கோணல் எழுத்து. மாம்பழப் படத்தின் கீழே இருப்பது மாம்பழமாகத்தானே இருக்க வேண்டும்? அங்கே தொடங்கினோம். கத்தரிக்காய், வெண்டைக்காய், தக்காளி. இரண்டு மூன்று மாலைகளில் பிடிபட்டுவிட்டது. கால் என்ற பின்னம் வந்தால் 'ட'. அரை வந்தால் 'ண'. முக்கால் வந்தால் 'த'. கேள்விக்குறி தலைகீழாக நின்றால் 'ந'. ஆலையிலிருந்து வந்த அப்பா, நாங்கள் முக்கால், அரை, கால் என்று ஓதிக்கொண்டிருப்பதைக் கேட்டு, "படிக்கறீங்களா, மளிகைச் சாமானுக்குச் சீட்டு எழுதறீங்களா?" என்றார்.

அடுத்து, படமே இல்லாத ஒரு பெரிய பக்கத்தை எடுத்துக்கொண்டோம். ஒவ்வோர் எழுத்தாகப் பிரித்து முழுவதையும் தமிழில் எழுதி முடித்தோம். முதல் வரி: 'இந்தப் பக்கத்தைப் படிக்க எங்கள் எழுத்துருவை இறக்கிக்கொள்ளுங்கள்.' கடைசி வரி வரைக்கும் அதை எப்படி இறக்குவது என்பதுதான். அம்மா சிரித்த சிரிப்பில் விளக்கு அணைந்துவிடும்போல் இருந்தது. ஆனால் ஒன்று. அந்த வாரத்தோடு எனக்குப் பின்னத்தின் மீதிருந்த பயம் போய்விட்டது.

தாள்கள் சேர்ந்தன. அவற்றைப் பிரித்து வைக்க அம்மா மண்டியிலிருந்து மூன்று பழைய மரப்பெட்டிகள் வாங்கிவந்தாள். வைக்கோல் ஒட்டிய, புளித்த வாசனை அடிக்கும் தக்காளிப் பெட்டிகள். மண்டியில் பழம் பிரிப்பதை நீங்கள் பார்த்திருக்கலாம். நன்றாகச் சிவந்தது பழம். அன்றைக்கே பக்கத்து ஊரில் விற்றுவிட வேண்டும். பாதி சிவந்து கெட்டியாக இருப்பது செங்காய். தூரத்து ஊருக்கு லாரியில் போகும், போகிற வழியில் பழுக்கும். மூன்றாவது அழுகல். தாள்களையும் அம்மா அப்படியே பிரித்தாள். இன்றைக்கே என்னால் படித்துப் பயன்படுத்த முடிவது பழம். நல்ல பாடம்தான், ஆனால் இந்தப் பிள்ளைக்கு, இந்த ஊருக்கு இன்னும் நாள் ஆகும் என்றால் செங்காய். பொய்யோ விளம்பரமோ என்றால் அடுப்புக்கு.

இத்தனை வருடத்தில் இதைவிடச் சிறந்த வழியை நான் பார்க்கவில்லை. நூறு தளங்களின் பட்டியல் போடுகிறவர்கள் எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் கொட்டிவிடுகிறார்கள்.

தேடும்போது, பிள்ளைகளை வீட்டில் வைத்துப் படிக்கவைக்கும் தாய்மார்கள் கேள்வியும் பதிலும் எழுதிக்கொள்ளும் ஓர் இணையப் பலகையை அம்மா கண்டுபிடித்தாள். ஏதோ குளிர் நாட்டுக்காரர்கள். அம்மா அகராதி வைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் நான்கு வரி எழுதினாள்: என் மகளுக்குப் பன்னிரண்டு வயது, கணக்கை எப்படிச் சொல்லித்தருவது? அடுத்த வாரம் பார்த்தால் ஒரு பெண் பதில் எழுதியிருந்தாள். பனிக்காரம்மா என்று அவளுக்குப் பெயர் வைத்தோம். அவள் எழுதியது இவ்வளவுதான்: குழந்தையைப் பெரிய கடைக்கு அழைத்துப்போங்கள். ஒரே பொருள் ஏன் இரண்டு விலைக்கு விற்கிறது என்று அவளையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.

நல்ல பாடம். ஆனால் பாலக்கோட்டில் அப்படி ஒரு பெரிய கடை ஏது? அம்மா யோசித்துப் பார்த்து, பெரிய கடை என்றால் மண்டிதான் என்று முடிவு செய்தாள்.

காலையில் மண்டிக்குள் போனால் முதலில் காதுதான் நிறையும். ஏலம் தமிழில் தொடங்கிக் கன்னடத்தில் ஏறித் தெலுங்கில் முடியும். கால் வைத்த இடமெல்லாம் சிவப்புச் சேறு. அம்மா தெரிந்த மண்டிக்காரரிடம் சொல்லிவிட்டு என்னை ஓர் ஓரத்தில் நிறுத்தினாள். காயாக இருக்கும் பெட்டி பழுத்த பெட்டியைவிட ஏன் விலை அதிகம்? இதுதான் கேள்வி. "யாரையும் கேக்காத. கையால பாரு," என்றாள். சொல்லிவிட்டு, ஒரு தட்டச்சு வேலையை முடித்துக் கொடுத்துவரச் சென்டருக்குப் போனாள்.

நான் குத்துக்காலிட்டு உட்கார்ந்து இரண்டு பெட்டியிலும் கைவிட்டு ஒவ்வொரு பழமாக அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் ஜீப் வந்தது.

அந்த வருடங்களில் பிள்ளைகளை வேலைக்கு வைக்கிறார்களா என்று பார்க்கச் சோதனைக் குழு வரும். வந்தவர்கள் கண்ணுக்கு நான் எப்படித் தெரிந்திருப்பேன் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள். பள்ளி நேரம். பள்ளிச் சீருடை இல்லாத பெண் பிள்ளை. முழங்கை வரை தக்காளிச் சாறு. எந்தப் பள்ளி என்று கேட்டார்கள். பள்ளிக்குப் போவதில்லை என்றேன். இங்கே என்ன செய்கிறாய் என்றார்கள். கணக்குப் படிக்கிறேன் என்றேன். எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை நிறுத்திவிட்டு மற்றவரைப் பார்த்தார். பயத்தில் உளறுகிறாள் என்று நினைத்திருக்க வேண்டும். மண்டிக்காரர் ஓடிவந்து விளக்கினார். அவர் விளக்க விளக்க, என்னை வேலைக்கு வைத்திருப்பதே அவர்தான் என்று உறுதியாகிவிட்டது.

ஜீப்பில் ரெக்சின் சீட் தொடையைச் சுட்டது. பக்கத்தில் என் வயதுள்ள ஒரு பெண். நிஜமாகவே மண்டியில் பழம் பிரித்தவள். நகக்கண்ணெல்லாம் கறுத்திருந்தது.

"நீ எந்த மண்டி?" என்றாள்.

"நான் படிக்க வந்தேன்."

"தக்காளிகிட்டயா?" என்று கேட்டுவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவளுக்கு அந்த ஜீப் சரியான ஜீப்பாக இருந்திருக்கலாம். பிறகு நான் அவளைப் பார்க்கவே இல்லை. அவள் படித்தாளா என்பதும் தெரியாது.

ஜீப் நின்றது தருமபுரியில், தொழிலாளர் துறை அலுவலகம் ஒன்றில். மதியத்துக்குள் அம்மா வந்துவிட்டாள். செய்தி எப்படியோ போய் மாமாவும் அவருடைய அலுவலகத்திலிருந்து வந்துவிட்டார். அதிகாரி கெட்டவர் இல்லை. எங்களுக்கு டீ வரவழைத்தார். ஆனால் அவர் முன்னால் இரண்டே வழிகள் இருந்தன: பிள்ளை மறுபடி பழைய பள்ளிக்குப் போக வேண்டும், இல்லையென்றால் மீட்கப்பட்ட பிள்ளைகளுக்கான மையத்தில் சேர வேண்டும். எழுதிக் கொடுத்துவிட்டுக் கூட்டிப்போகலாம்.

"அந்தப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப மாட்டங்க சார்," என்றாள் அம்மா.

"ஏம்மா, புள்ளய வேலைக்கு அனுப்புவ, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பமாட்டியா?"

அம்மா எழுந்து நின்றாள். அவள் குரல் உயரவில்லை என்பதை இங்கே குறித்துவைக்க வேண்டும். ஊரில் பிறகு வேறு மாதிரிச் சொன்னார்கள்.

"நான் இவ வயசுல இதே மண்டியில பழம் பிரிச்சங்க. அன்னைக்கு ஒரு ஜீப்பும் வரல. இவ பள்ளிக்கூடத்துல கக்கூஸ் கழுவினா. அன்னைக்கும் வரல. இன்னைக்குப் படிக்கக் கூட்டியாந்தன், ஜீப்பு வந்துருச்சு."

அதிகாரி பேனாவை மேசையில் உருட்டினார். "அந்த விஷயமெல்லாம் என் செக்‌ஷன் இல்லம்மா," என்றார்.

எட்டாம் வகுப்புத் தனித்தேர்வு இருக்கிறதே, அதை எழுதுவாள் என்றாள் அம்மா. அதிகாரி யோசித்தார். அப்படியானால் ஒரு நிபந்தனை, தேர்வில் தோற்றால் மறுநாளே பழைய பள்ளியில் சேர்த்துவிடுவதாக எழுதிக் கொடுங்கள் என்றார். மாமாவைப் பார்த்து, நீங்களும் கவர்மென்ட் ஸ்டாஃப், நீங்களே எழுதுங்கள் என்று தாளை நீட்டினார்.

மாமா எழுதிவிடுவார் என்று உறுதியாகத் தெரியும். அவர் விரும்பியதும் அதுதானே? துடைப்பம், ஈரப் பாவாடை, பாதி போன கணக்குப் பாடம் எல்லாம் என் கண் முன்னால் வந்து நின்றன. அம்மா மாமாவைப் பார்க்கவே இல்லை. சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மாமாவின் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். நிதானமாக எழுதினார். மேற்படி சிறுமி, மேற்படி தாயார், மேற்படி தேர்வு. கீழே கையெழுத்துப் போட்டு நீட்டினார். அதிகாரி படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"தோத்தான்னா என்னங்கறது இதுல இல்லயே?"

"இல்லிங்க சார்."

"ஏன்?"

மாமா பேண்ட்டின் மடிப்பைச் சரிசெய்துகொண்டு சொன்னார்: "பள்ளிக்கூடத்துல படிச்சுத் தோக்கற புள்ளைங்கள அடுத்த நாள் எங்கயும் மாத்தறது இல்லிங்களே. தோக்கறதுல எல்லாரும் ஒண்ணுதானுங்க."

அதிகாரி அந்தத் தாளைக் கோப்பில் வைத்து நாடாவைக் கட்டினார். அவ்வளவுதான். பேருந்து நிலையம் வரை மூவரும் நடந்தோம். பேருந்து கிளம்பும்போது மாமா சன்னலோரம் வந்து, "இன்னும் எனக்கு இது புடிக்கலதான்," என்றார் அம்மாவிடம். "தெரியும்ணா," என்றாள் அம்மா.

தேர்வு எழுதினேன். தோற்றேன்.

உங்களுக்கு ஏமாற்றமாக இருக்கும். வீட்டில் படித்த பிள்ளை என்றால் மாவட்டத்திலேயே முதலாவதாக வந்தாள் என்று முடிய வேண்டும். இல்லையென்றால் கதை யாருக்கும் வேண்டாம். நான் கணக்கில் நல்ல மதிப்பெண் வாங்கினேன், சமூக அறிவியலில் தோற்றேன். பருவகாலங்களைப் பற்றி ஒரு கேள்வி வந்தது. நான் அதற்கு ஒன்றரைப் பக்கம் எழுதினேன். இலைகள் பொன்னிறமாகி உதிரும், பிறகு பனி பெய்யும், குழந்தைகள் பனியில் பொம்மை செய்வார்கள் என்று. அந்த ஒரு கேள்வியால் மட்டும் தோற்றேன் என்று சொல்லமாட்டேன். வரைபடத்திலும் இரண்டு ஆறுகளை இடம் மாற்றிக் குறித்தேன். ஆனால் விடைத்தாளைத் திருத்தியவர் சிரித்திருப்பார் என்றால் அந்த ஒன்றரைப் பக்கத்தைப் பார்த்துத்தான்.

அதெல்லாம் பனிக்காரம்மா இணையத்தில் அனுப்பிய ஒரு தாளில் இருந்தது. நான்கு பருவங்களுக்கும் நான்கு படங்கள். சென்டர்க்கார அண்ணன் அன்று நல்ல மனநிலையில் இருந்ததால் வண்ணத்திலேயே அச்செடுத்துக் கொடுத்தார். எங்களிடம் இருந்த ஒரே வண்ணத்தாள். அந்தச் சிவப்பையும் மஞ்சளையும் பார்த்து மயங்கி, அம்மா அதைப் பழப் பெட்டியில் போட்டுவிட்டாள். மண்டியில் வளர்ந்தவள் செய்யக்கூடாத தவறு. நிறத்தைப் பார்த்தாள், அமுக்கிப் பார்க்கவில்லை.

முடிவு வந்த அன்று ஊரில் துக்கம் விசாரிப்பதுபோல் சிலர் வந்தார்கள். இப்போதாவது பள்ளிக்கு அனுப்பு என்றார்கள். பழைய பள்ளியின் தலைமை ஆசிரியர்கூட, வந்தால் சேர்த்துக்கொள்வதாகப் பெருந்தன்மையோடு சொல்லியனுப்பினார். துடைப்பம் இன்னும் அங்கேதான் இருக்கிறதா என்று கேட்டுவரச் சொல்லி அம்மா ஆளைத் திருப்பியனுப்பினாள். மாலையில் மாமா வந்தார், அடுத்த தேர்வுக்கான விண்ணப்பத்தோடு. அன்று டீ குடித்தார்.

அவர் போன பிறகு அம்மா பெட்டியைத் துழாவி அந்த வண்ணத்தாளை எடுத்தாள். கட்டைவிரலால் அதை அமுக்கிப் பார்த்தாள், தக்காளியைப் பார்ப்பதுபோல. அடுப்பில் போடப்போகிறாள் என்று நினைத்தேன்.

"அழுகல்னு சொல்ல மாட்டன். அவுங்க ஊர்ல இது பழம்," என்றாள். "நம்ம ஊருக்கு இன்னும் ஆவல."

செங்காய்ப் பெட்டியில் வைத்தாள்.

அடுத்த முறை தேறினேன். அதற்குப் பிறகு நான் என்ன ஆனேன் என்று நீங்களும் கேட்பீர்கள். அந்தக் கேள்விக்கு நான் யாருக்கும் பதில் சொல்வதில்லை. என்னோடு படித்து, கூட்டி, எட்டாம் வகுப்போடு நின்றுபோன பெண்களிடம் போய் அதைக் கேட்டுவிட்டு வந்தால் சொல்கிறேன் என்பேன். இதுவரை யாரும் போய்க் கேட்டதில்லை. பள்ளிக்குப் போனவர்கள் தோற்றால் அது பிள்ளையின் தலையெழுத்து. போகாதவள் தோற்றால் அது தாயின் திமிர். அந்தத் திமிரை என் தாய் என் தேர்ச்சியைக் கொண்டு நியாயப்படுத்தியதில்லை. நானும் செய்யமாட்டேன்.

மாமாவின் மகளுக்கு நூறு தளங்களை அனுப்பவில்லை. திறந்து, படித்து, அமுக்கிப் பார்த்தவற்றில் பழம் என்று தோன்றிய சிலவற்றை மட்டும் அனுப்பினேன். அவற்றைவிட நீளமாகச் செங்காய் என்று ஒரு பகுதி. மற்றவற்றை அவளே பிரிக்கட்டும். கையில் சாறு வழியாமல் அது வராது.

மூன்று மரப்பெட்டிகளும் இப்போது இல்லை. ஒரு மழைக்காலத்தில் கரையான் அரித்துவிட்டது. தாள்களும் அதோடு போயின. அந்த வண்ணத்தாள் மட்டும் தப்பித்தது. மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். முதுகில் இருக்கும் மாப்பிள்ளையின் நட்சத்திரம் மங்கிவிட்டது. பனி இன்னும் வெள்ளையாகத்தான் இருக்கிறது. அவ்வப்போது எடுத்துக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்க்கிறேன். இன்னும் பழுக்கவில்லை. அதற்காகத் தூக்கிப் போடவும் மாட்டேன்.